படம் வரும், ஆள் வரமாட்டார்

ஈரானியப் படவிழாக்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நான் ஒரு விமான நிலையத்தில் ஆரம்பிக்கப்போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், படத்துக்கு வந்துவிடுவேன்.

1994ஆம் ஆண்டு. வியன்னா விமான நிலையம். ஒரு பக்கம் தெஹ்ரானிலிருந்து வந்த ஓர் ஓவியம். வில்லெம் டி கூனிங் என்ற அமெரிக்க ஓவியர் 1953இல் தீட்டிய ‘பெண் 3’. மன்னராட்சிக் காலத்தில் தெஹ்ரானின் சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்காக வாங்கியது. அந்த அருங்காட்சியகம் 1977இல் திறந்தது. இரண்டே வருஷத்தில் புரட்சி வந்துவிட்டது. ஆடையில்லாத பெண்ணின் படத்தை இஸ்லாமியக் குடியரசு சுவரில் மாட்டுமா? கிடங்குக்குப் போயிற்று. மறுபக்கம் ஒரு புத்தகத்தின் மிச்சம். 16ஆம் நூற்றாண்டில் ஷா தஹ்மாஸ்ப் மன்னருக்காக எழுதி, வரைந்து, பொன்னிட்ட ஷாநாமா, பாரசீக மன்னர்களின் காவியம். 258 ஓவியங்கள் கொண்டது. ஆர்தர் ஹௌட்டன் என்ற அமெரிக்கச் செல்வந்தர் அதை வாங்கிக் கட்டைப் பிரித்தார். 78 ஓவியங்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், சிலவற்றை விற்றார். அவர் காலமான பிறகு குடும்பத்தாரிடம் மிஞ்சியது 118. அந்த 118க்கும் இந்த ஒன்றுக்கும் விமானத்தளத்தில் பண்டமாற்று நடந்தது. ஈரான் ஒரு காசு கொடுக்கவில்லை, ஒரு காசு வாங்கவும் இல்லை.

யாருக்கு லாபம் என்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2006இல் அந்த டி கூனிங் ஓவியம் 13 கோடியே 75 லட்சம் டாலருக்கு விலைபோனது. ஷாநாமாவுக்கு என்ன விலை போடுவது? அந்தக் கணக்கை விட்டுவிடுவோம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. 1980இலேயே தூதரக உறவை முறித்துக்கொண்ட இரண்டு நாடுகளுக்கு நடுவில், எது எல்லை தாண்டலாம், எது தாண்டக்கூடாது என்பதற்கு விசித்திரமான விதிகள் உண்டு. அமெரிக்க அருங்காட்சியகங்களில் ஈரானியப் படவிழா நடக்கிறது என்றால் அது அந்த விதிகளின் ஓட்டை வழியாகத்தான் நடக்கிறது.

1987 அக்டோபரில் ரீகன் அரசு ஈரானியப் பொருள்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. பிஸ்தா, கேவியர், கம்பளம், எதுவும் உள்ளே வரக்கூடாது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஹோவர்ட் பெர்மன் என்ற உறுப்பினரின் பெயரால் அதைப் பெர்மன் திருத்தம் என்பார்கள். புத்தகம், இசைத்தட்டு, புகைப்படம், திரைப்படம் போன்றவை ‘தகவல் சார்ந்தவை’, அவற்றுக்குத் தடை செல்லாது என்பது அதன் சாரம். 1994இல் அதை இன்னும் விரிவாக்கினார்கள்.

இதனால் நேர்ந்த வேடிக்கையைக் கேளுங்கள். மொஹ்சன் மக்மல்பஃப் 1996இல் எடுத்த படம் ‘கப்பே’. கப்பே என்பது ஈரானின் நாடோடிப் பெண்கள் நெய்யும் தடித்த கம்பளம். படத்தின் நாயகிக்கும் அதே பெயர்; கம்பளத்தில் நெய்த உருவம்தான் எழுந்து வந்து தன் காதல் கதையைச் சொல்கிறது. அதில் ஓர் ஆசிரியர் கூடாரப் பள்ளியில் குழந்தைகளுக்கு நிறங்களைச் சொல்லிக்கொடுக்கும் காட்சி உண்டு. வானத்தை நோக்கிக் கையை நீட்டுவார். திரும்பி வரும் கை நீலமாக இருக்கும். சூரியனை நோக்கி நீட்டினால் மஞ்சளாகிவிடும். தந்திரக் காட்சி ஒன்றும் கிடையாது, ஒரு வெட்டு, கொஞ்சம் சாயம், அவ்வளவுதான். 1997இல் இந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் சட்டப்படி ஓடியது. ஆனால் படம் பார்த்து மயங்கிப்போன ஒருவர், ஈரானிலிருந்து ஒரு கப்பே வரவழைத்துக்கொள்ளலாமே என்று நினைத்திருந்தால் சுங்கத்தில் பிடித்துவைத்திருப்பார்கள். கம்பளத்துக்கு 2000இல்தான் கதவு திறந்தது. 2010இல் மூடியது, 2016இல் திறந்தது, 2018இல் மறுபடி மூடியது. படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. எடுத்து முடித்த படத்துக்குத்தான் இந்தச் சலுகை. இனி எடுக்கப்போகும் படத்துக்கு முன்பணம் கொடுத்தால் அது தடையை மீறியதாகிவிடும். அதனால் அமெரிக்க அருங்காட்சியகம் ஈரானியப் படைப்பாளிக்கு விருந்து வைக்கலாமே தவிர அடுப்புக்கு விறகு வாங்கித் தர முடியாது.

இப்போது விழாக்களுக்கு வருவோம். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகம், ஃப்ரீயர் என்று பழைய ஆட்கள் சொல்வது, பல்லாண்டுகளாகக் குளிர்காலத்தில் ஈரானியப் படவிழா நடத்திவருகிறது. அனுமதி இலவசம். ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ரைஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1990களிலிருந்து நடத்துகிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் உண்டு. இவை ஒன்றுக்கொன்று படப்பெட்டியை மாற்றிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. தெஹ்ரானிலிருந்து ஒரு தடவை வந்த பெட்டியை மூன்று ஊரில் ஓட்டிவிடலாம் அல்லவா?

எல்லாவற்றிலும் கதை நிறைந்தது லாஸ் ஏஞ்சலிஸ் விழாதான். 1990இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் திரைப்பட ஆவணக் காப்பகம், புரட்சிக்குப் பிந்தைய பத்தாண்டுப் படங்களைத் திரட்டி ஒரு விழா வைத்தது. அந்த ஊரில் ஈரானியர் எவ்வளவு பேர் என்றால் ஊரையே தெஹ்ராஞ்சலிஸ் என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். பெரும்பாலோர் புரட்சிக்குத் தப்பி வந்தவர்கள். அவர்கள் மனத்தில் ஈரானிய சினிமா 1978 ஆகஸ்ட் 19ஆம் தேதியே செத்துப்போயிற்று. அன்றுதான் அபாதான் நகரின் ரெக்ஸ் திரையரங்கில் கதவுகளைப் பூட்டித் தீவைத்தார்கள். படம் பார்க்க வந்த நூற்றுக்கணக்கானோர் கருகிப்போனார்கள். புரட்சி மாதங்களில் வேறு பல திரையரங்குகளும் எரிந்தன. புரட்சித் தலைவர் கொமெய்னி நாடு திரும்பிய அன்றே, சினிமாவுக்குத் தான் எதிரியில்லை, அதைத் தவறாகப் பயன்படுத்துவதற்குத்தான் எதிரி என்று பேசினார். நாடு கடந்து போனவர்கள் அதை நம்பவா செய்வார்கள்?

அப்படிப்பட்ட ஊரில் இந்த விழா. எதிர்ப்புக் கிளம்பியது. ‘சிறையில் ஆளைக் கொல்கிற அரசு, கையைக் கழுவிக்கொள்ள நல்ல படங்களை அனுப்புகிறது, அதற்கு நீங்கள் அரங்கம் தருகிறீர்களா?’ என்பது அவர்கள் கட்சி. கூட்டமும் வந்தது. எதிர்த்தவர்களிலேயே சிலர் உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். பன்னிரண்டு வருஷமாகக் காணாத தெருவையும், காதில் விழாத ஊர்ப்பேச்சையும் திரையில் காட்டுகிறேன் என்றால் யாரால் வாசலில் நின்றுகொண்டிருக்க முடியும்? அந்த விழாவுக்குத் துணைநின்றவர்களில் ஒருவர் ஹமீத் நஃபீசி என்ற அறிஞர். ஈரானிய சினிமாவின் சமூக வரலாற்றை நான்கு தொகுதிகளாகப் பின்னால் எழுதியவர். அவர் 1990களில் ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இந்த விழாக்களின் வேரைத் தேடிப்போனால் இப்படி ஒரு பேராசிரியர், ஒரு காப்பாளர், கொஞ்சம் புலம்பெயர்ந்த குடும்பங்களின் நன்கொடை என்றுதான் இருக்கும்.

2006இல் லாஸ் ஏஞ்சலிஸ் விழாவுக்கு அருங்காட்சியகத்துக்குள்ளேயே இடம் கிடைத்தது. ஹேமர் அருங்காட்சியகத்தில் பில்லி வைல்டர் பெயரால் ஓர் அரங்கம் கட்டினார்கள். வெஸ்ட்வுட் சாலையின் முனையில் இருக்கிறது. அதே சாலையில் தெற்கே கொஞ்சம் நடந்தால் பாரசீகப் புத்தகக்கடை, கபாப் கடை, குங்குமப்பூ ஐஸ்கிரீம். ஓர் அருங்காட்சியகத்துக்கு இதைவிடப் பொருத்தமான அக்கம்பக்கம் அமையாது என்பேன். வாஷிங்டனில் அந்த வசதி இல்லை. அங்கே வேறொன்று இருக்கிறது. ஃப்ரீயர் சேகரிப்பில், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தயாரான ‘குஸ்ரூ ஷீரின்’ ஏடு இருக்கிறது. பாரசீகக் கவிஞர் நிஜாமி பாடிய காதல் காவியம். இதை ஏன் சொல்கிறேன் என்றால் ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமி 2008இல் ‘ஷீரின்’ என்று ஒரு படம் எடுத்தார். அதே காதல் கதை. ஆனால் திரையில் ஷீரின் வரவே மாட்டாள். ஒரு திரையரங்கில் உட்கார்ந்து அந்தக் கதையைப் படமாகப் பார்க்கும் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் முகம் மட்டுமே முழுப் படமும். எல்லாரும் நடிகைகள். உண்மையில் அவர்கள் முன்னால் எந்தப் படமும் ஓடவில்லை. கியாரோஸ்தமியின் வீட்டு அறையில் நாற்காலி போட்டு, கேமராவுக்கு மேலே ஒரு அட்டையில் புள்ளி வைத்து, அதைப் பார்த்து அழச் சொல்லியிருக்கிறார்.

இதை ஏதோ சோதனை முயற்சி என்று தள்ளிவிடாதீர்கள். இதற்குப் பின்னால் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ஈரானியத் தணிக்கை விதிப்படி திரையில் தோன்றும் பெண் எங்கேயும் தலையை மூட வேண்டும். தன் வீட்டுச் சமையலறையில், புருஷனோடு தனித்திருக்கும்போதுகூட. எந்தப் பெண் வீட்டுக்குள் முக்காடு போட்டுக்கொண்டு தூங்குகிறாள்? அந்தப் பொய்யைக் காட்ட எனக்கு மனமில்லை, அதனால் வீட்டுக்குள் பெண்களைப் படமெடுப்பதைத் தவிர்த்தேன் என்று கியாரோஸ்தமி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தெரு, கார், மலைப்பாதை, திரையரங்கம் என்றால் பொது இடம். முக்காடு இருப்பது இயல்பு. அவர் படங்கள் ஏன் எப்போதும் காருக்குள்ளேயே ஓடுகின்றன என்று கேட்பவர்களுக்குப் பாதி விடை இதில் கிடைக்கும்.

குழந்தைப் படங்களின் கதையும் இதுதான். ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்ளக் கூடாது என்றால் காதல் கதை எடுப்பது வித்தை. ஒரு சிறுவன் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக்கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடினால் தணிக்கை என்ன சொல்லும்? போதாததற்கு அவர்களிடம் கானூன் இருந்தது. குழந்தைகள், இளைஞர்களின் அறிவு வளர்ச்சிக்கான அமைப்பு, மன்னர் காலத்தில் 1965இல் தொடங்கியது. அதன் படப்பிரிவில்தான் கியாரோஸ்தமி 1970இல் ‘ரொட்டியும் சந்தும்’ என்ற சின்னப் படத்தோடு ஆரம்பித்தார். புரட்சி வந்த பிறகும் அந்த அமைப்பு மூடவில்லை. ‘நண்பனின் வீடு எங்கே’ 1987இல் அங்கிருந்துதான் வந்தது. ஆக, நாம் கவித்துவம் என்று கொண்டாடுவதில் ஒரு பகுதி அலுவலகக் கோப்புகளுக்கு நடுவில் வழி கண்டுபிடித்ததன் விளைவு. அதனால் அதன் மதிப்புக் குறையாது. ஆனால் அதையே ‘ஈரானிய மனம்’ என்று பெயர்ப்பலகை எழுதி ஒட்டும்போது எனக்கு எரிச்சல் வரும்.

அருங்காட்சியகத்தின் குணம் அது. எதை எடுத்தாலும் அதன் கீழே ஒரு சின்னச் சீட்டு எழுதி வைக்க வேண்டும். ஈரானிய சினிமா என்றால் குழந்தை, செருப்பு, வளைந்து போகும் பாதை, ஒற்றை மரம் என்று 1990களில் சீட்டு எழுதிவிட்டார்கள். அஸ்கர் ஃபர்ஹாதி ‘ஒரு பிரிவு’ எடுத்து 2012இல் ஆஸ்கர் வாங்கிய பிறகு, நகர நடுத்தர வர்க்கம், பொய், நீதிமன்றம் என்று இன்னொரு சீட்டு. தெஹ்ரானில் ஜனங்கள் எந்தப் படத்துக்கு வரிசையில் நின்றார்கள் என்று இந்தச் சீட்டுகளை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. 2004இல் கமால் தப்ரீஸி எடுத்த ‘பல்லி’ என்று ஒரு படம். சிறையிலிருந்து ஒரு திருடன் முல்லாவின் உடையைப் போட்டுக்கொண்டு தப்புகிறான். போன ஊரில் அவனை நிஜ முல்லா என்று நம்பித் தொழுகை நடத்தச் சொல்கிறார்கள். அரங்கம் வெடித்துச் சிரித்தது. வசூல் குவிந்துகொண்டிருக்கும்போதே படத்தைத் தூக்கிவிட்டார்கள். ஒரு சமூகம் எதற்குச் சிரிக்கிறது என்று காட்டாத படவிழா எனக்கு அரைகுறைதான். ஒவ்வொரு விழாவிலும் இரண்டு கடைத்தெரு நகைச்சுவைப் படங்களைக் கட்டாயமாக வைக்க வேண்டும் என்பேன்.

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன். தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’, 1931. பாரசீக மொழியின் முதல் பேசும்படம் ‘லோர் பெண்’, 1933. இரண்டும் பம்பாயில் ஒரே கம்பெனியில், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் ஃபிலிம் கம்பெனியில் உருவானவை. ஈரானில் பேசும்படம் எடுக்க வசதி இல்லாத அந்நாளில், பம்பாயில் இருந்த அப்துல்ஹுசைன் செபந்தா என்ற ஈரானியர் பாரசீகப் படத்தை எழுதி, தானே நாயகனாக நடித்தார். அதற்குப் பிறகு 2022இல் மஜீத் மஜீதியின் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ தமிழில் ‘அக்கா குருவி’ ஆனது உங்களுக்குத் தெரியும். நாம் ஈரானிய சினிமாவுக்கு இடையில் வந்து சேர்ந்த ரசிகர்கள் அல்லர். ஒரே கூரையடியில் குரல் பெற்றவர்கள். அதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

சரி, படம் எல்லை தாண்டிவிடுகிறது. எடுத்தவர்? 2001 ஏப்ரலில் ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹி ஹாங்காங்கிலிருந்து தென் அமெரிக்கா போகும் வழியில் நியூயார்க்கில் விமானம் மாற இறங்கினார். இடைவழி விசா இல்லை. கைரேகை தர மறுத்தார். சங்கிலியால் கட்டி மணிக்கணக்கில் பெஞ்சில் உட்காரவைத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். அவருடைய ‘வட்டம்’ படத்துக்கு அமெரிக்காவில் கருத்துச் சுதந்திர விருது கொடுத்திருந்த நேரம் அது! அடுத்த ஆண்டு கியாரோஸ்தமிக்கு நியூயார்க் விழாவுக்கு வர விசா கிடைக்கவில்லை. கான் விழாவின் தங்கப்பனை வாங்கியவருக்கே அந்தக் கதி. ஃபின்லாந்து இயக்குநர் அகி கௌரிஸ்மாக்கி கோபத்தில் தானும் வரமாட்டேன் என்றார். 2017இல் டிரம்ப்பின் பயணத் தடையை எதிர்த்து ஃபர்ஹாதி ஆஸ்கர் மேடைக்குப் போகவில்லை; அன்று அவருக்கு இரண்டாவது ஆஸ்கர் கிடைத்தது.

ஈரான் பக்கத்துக் கதவைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். அது இன்னும் கொடுமை. 2010இல் பனாஹிக்கு ஆறு ஆண்டுச் சிறை, 20 ஆண்டுகள் படமெடுக்கத் தடை என்று தீர்ப்பு. அவர் வீட்டுக்குள்ளேயே ‘இது படம் அல்ல’ எடுத்தார்; பிறகு டாக்ஸி ஓட்டுநராக உட்கார்ந்து ‘டாக்ஸி’ எடுத்து 2015இல் பெர்லின் தங்கக்கரடி வாங்கினார். அதில் திருட்டு டிவிடி விற்கும் ஒரு ஆள் வண்டியில் ஏறுவார். பனாஹியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார். அரசு காட்டாத படங்களை ஈரானியர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது சிரிப்பாகவே வந்துவிடும். 2024இல் மரியம் மொகதம், பெஹ்தாஷ் சனாயீஹா இருவரும் தாங்கள் எடுத்த ‘எனக்குப் பிடித்த கேக்’ படத்தோடு பெர்லின் போக முடியவில்லை, பாஸ்போர்ட்டைப் பறித்துவிட்டார்கள். அது எழுபது வயது விதவை ஒருத்தி ஒரு டாக்ஸிக்காரரை வீட்டுக்கு அழைத்து ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கும் கதை. அதில் அவள் தன் வீட்டில், தன் சோபாவில், முக்காடு இல்லாமல் இருக்கிறாள். கியாரோஸ்தமி முப்பது வருஷமாகச் சுற்றிப்போன வீட்டுக்குள் இவர்கள் நேரே நுழைந்துவிட்டார்கள். 2022இல், முக்காட்டைச் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி காவலில் இறந்ததையொட்டி எழுந்த போராட்டத்துக்குப் பின் அனுமதி கேட்காமல் இப்படிப் படமெடுப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அதே 2024இல் இயக்குநர் மொஹம்மத் ரசூலோஃப் தண்டனைக்குத் தப்பி மலை வழியாக நடந்தே நாட்டைவிட்டு வெளியேறினார்.

இதனால் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்குப் புதுத் தலைவலி. அரசு அனுமதி பெற்ற படத்தைத் திரையிட்டால், முக்காட்டுப் பொய்க்குத் துணைபோகிறீர்கள் என்கிறார்கள் ஒரு சாரார். அனுமதியில்லாப் படத்தை மட்டுமே திரையிட்டால், உள்ளே இருந்து அங்குலம் அங்குலமாக இடம் பிடிக்கும் படைப்பாளிகளைக் கைவிடுகிறீர்கள் என்கிறார்கள் மறுசாரார். 1990இல் லாஸ் ஏஞ்சலிஸ் வாசலில் கேட்ட அதே சண்டை, இன்னும் கூர்மையாக. என் கட்சியைக் கேட்டால், அரசே பணம் போட்டு எடுத்த பிரசாரப் படத்தைத் தவிர மற்ற இரண்டையும் போடுங்கள் என்பேன். அனுமதி பெற்றவர் எல்லாம் கைக்கூலி என்றால் கியாரோஸ்தமியை என்ன செய்வது? ஆனால் ஒரு நிபந்தனை. எது அனுமதியோடு எடுத்தது, எது இல்லாமல் எடுத்தது, இயக்குநர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதை நிகழ்ச்சிநிரலில் அச்சடித்துவிட வேண்டும். அந்தச் சின்னச் சீட்டு கடைசியில் உருப்படியாக ஒரு வேலை செய்யட்டும்.

இன்று இந்த அரங்கில் நீங்கள் பார்க்கப்போவது கியாரோஸ்தமியின் ‘க்ளோஸ்-அப்’, 1990. நடந்த கதை. ஹுசைன் சப்ஸியான் என்ற ஏழைச் சினிமா ரசிகர், தான்தான் இயக்குநர் மக்மல்பஃப் என்று சொல்லி ஒரு குடும்பத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டார். பத்திரிகையில் அதைப் படித்த கியாரோஸ்தமி, நீதிபதியிடம் அனுமதி வாங்கி விசாரணையையே படமெடுத்தார். மற்ற நிகழ்ச்சிகளில் சம்பந்தப்பட்டவர்களையே நடிக்கவைத்தார். தொடக்கத்தில் டாக்ஸி ஓட்டுநர் தெருவில் ஒரு தகர டப்பாவை எட்டி உதைப்பார். அது சரிவில் உருண்டு போய்க்கொண்டே இருக்கும், கேமரா அதன் பின்னாலேயே போகும். உள்ளே கைது நடக்கிறது, இந்த ஆள் டப்பாவைக் காட்டிக்கொண்டிருக்கிறாரே என்று நெளியாதீர்கள். கடைசியில் சில நிமிடம் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். நம் புரொஜெக்டர் ஆபரேட்டரைத் திட்ட வேண்டாம். அது அவர்கள் வேண்டுமென்றே செய்தது. நீதிமன்றக் காட்சியில் கியாரோஸ்தமி குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இரண்டு கேமராக்களைக் காட்டி, இது உன் முகத்துக்கு மட்டும், சட்டத்துக்குப் புரியாததை இதைப் பார்த்துச் சொல் என்கிற மாதிரி விளக்குவார். அந்த இடத்தைக் கவனியுங்கள். படம் முடிந்ததும் நடக்கும் விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம். 98 நிமிடம் ஓடும். இடைவேளை கிடையாது.